காதல் நாவல் படித்தால் பெண் கெட்டுப்போவாளா?

(மகளிர் பிரிவின் வாசகர் வட்டக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



இந்த வாசகர் வட்டத்தில் இதுவரை பேசியவர்கள் எடுத்துக்கொண்ட தலைப்புகளைப் பார்த்தேன். கம்பனில் சகோதர பாசம், முதுமையில் மூட்டுவலி, மூத்த குடிமக்களுக்கான வருமான வரிச் சலுகைகள். எல்லாமே பிரயோஜனமான விஷயங்கள். "நீங்க எதைப் பத்திப் பேசப் போறேள் மாமி?" என்று செயலாளர் அம்மாள் தொலைபேசியில் கேட்டபோது, "காதல் நாவல்கள்" என்றேன். மறுமுனையில் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. பிறகு தயங்கித் தயங்கி, "ஆண்டாள், நாச்சியார் திருமொழி, அந்த மாதிரியா?" என்றாள். "இல்லை. லக்ஷ்மி, ரமணிசந்திரன், மில்ஸ் அண்ட் பூன், அந்த மாதிரி" என்றேன். நல்ல மனுஷி. அழைப்பிதழில் 'இலக்கியச் சிந்தனைகள்' என்று அச்சடித்து என் மானத்தைக் காப்பாற்றிவிட்டாள்.

இந்தத் தலைப்பை எடுத்துக்கொண்டதற்கு ஒரு காரணம் உண்டு. போன வருஷம் நடந்த ஜாதகப் பரிவர்த்தனை நிகழ்ச்சியில், வழக்கம் போல் நான் பதிவு மேஜையில் உட்கார்ந்திருந்தேன். 2010-ல் பணி ஓய்வு பெற்றதிலிருந்து அந்த மேஜை என் பொறுப்பு. ஒரு பெரியவர் வந்தார். பேத்தி, வந்த வரன்களில் ஒன்பதாவதையும் வேண்டாம் என்று சொல்லிவிட்டாளாம். ஆற்றாமையில், "எல்லாம் இந்தக் கதைப் புஸ்தகங்களால வந்த வினை. அதுல வர்ற மாதிரியே ஒருத்தன் வந்து நிப்பான்னு காத்துண்டிருக்கா" என்றார். நான் அவருக்கு மோர் கொடுத்து உட்கார வைத்தேன். வாதம் பண்ணவில்லை. அவருடைய கவலை நிஜமான கவலை.

ஆனால் அந்தக் குற்றச்சாட்டு எனக்குப் புதிதல்ல. 1974-ல் என் அத்தை என்னைப் பற்றி இதையேதான் சொன்னாள். ஐம்பது வருஷம் கழித்தும் குற்றப்பத்திரிகையில் ஒரு எழுத்துகூட மாறவில்லை. நான் மத்திய அரசின் கணக்குத் தணிக்கைத் துறையில் முப்பத்தெட்டு வருஷம் இருந்தவள். ஒருவர் ஆட்சேபணை எழுப்பினால் ஆதாரத்தைப் புரட்டிப் பார்க்காமல் எனக்குத் தூக்கம் வராது. எனவே ஆதாரத்தைப் பார்ப்போம்.

எங்கள் வயதுக்காரர்களுக்கு இந்தப் புத்தகங்கள் எப்படிக் கைக்கு வந்தன என்பதை முதலில் சொல்ல வேண்டும். கடையில் போய் நாவல் வாங்குகிற வழக்கம் நடுத்தரக் குடும்பங்களில் கிடையாது. விகடன், கல்கி, கலைமகள் பத்திரிகைகளில் வந்த தொடர்கதைகளைக் கிழித்துச் சேர்த்து, காலிகோ போட்டு பைண்டு செய்து வைப்போம். கோபுலு, மணியம், வினு வரைந்த படங்களோடு, பக்கத்தின் ஓரத்தில் பாதி வெட்டுப்பட்ட தைல விளம்பரத்தோடு, கதை நமக்கென்று தனியாக ஒரு புத்தகமாக இருக்கும். ஸ்ரீரங்கத்தில் ஒரு பைண்டு புத்தகம் எங்கள் வீட்டிலிருந்து புறப்பட்டால் நாலு வீடு சுற்றி, ரசக்கறையோடு ஆறு மாசம் கழித்துத் திரும்பி வரும்.

கல்யாணமாகி வடக்கே போனவர்களுக்கு இந்தப் புத்தகங்களின் அருமை இன்னும் நன்றாகத் தெரியும். நாக்பூரில் எங்கள் வீட்டுக்கு வருகிற பத்திரிகை கிராண்ட் டிரங்க் எக்ஸ்பிரஸ் மாதிரிதான். வந்தால் உண்டு. ஊருக்குப் போய்விட்டுத் திரும்பும்போது சென்ட்ரல் ஸ்டேஷனில் ஹிக்கின்பாதம்ஸ் கடையில் தமிழ் மாத நாவல் இரண்டு வாங்கிக்கொள்வேன். நாக்பூரில் இறங்கினால் வீலர் கடையில் மில்ஸ் அண்ட் பூன். தெற்கே ஹிக்கின்பாதம்ஸ், வடக்கே வீலர் என்று ரயில்வேக்காரர்கள் நம் காதல் உணர்ச்சிகளைப் பிரித்து வைத்திருந்தார்கள். மாதுங்காவில் இருந்தவர்களும், கல்கத்தா லேக் மார்க்கெட் பக்கம் இருந்தவர்களும், தில்லித் தமிழ்ச் சங்க நூலகத்துக்கு நடையாய் நடந்தவர்களும் இதே மாதிரி ஒரு கதை வைத்திருப்பீர்கள்.

"முடிவு தெரிந்த கதையைப் போய் எதற்குப் படிக்கிறாய்?" என்று என்னைக் கேட்காதவர்கள் குறைவு. என் கணவரும் கேட்டிருக்கிறார். நான் ரசாயனப் பட்டதாரி. அவருக்கு என் பதில் இதுதான். ஆய்வகத்தில் டைட்ரேஷன் செய்வோம். ப்யூரெட்டில் காரம், கீழே குடுவையில் அமிலம், அதில் இரண்டு சொட்டு பினால்ப்தலீன். கடைசியில் வெளிர் சிவப்பு வரப்போகிறது என்பது வகுப்பில் அத்தனை பேருக்கும் தெரியும். ஆனாலும் ப்யூரெட்டின் திருகை விரலால் பிடித்துக்கொண்டு சொட்டுச் சொட்டாக விட்டபடி, கண் கொட்டாமல் பார்த்துக்கொண்டிருப்போம். நிறம் வருமா என்பது கேள்வியே இல்லை; எந்தச் சொட்டில் என்பதுதான் கேள்வி. ஒரு சொட்டு அதிகமானால் பரிசோதனை போச்சு, குடுவையைக் கழுவி முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டியதுதான். நல்ல காதல் நாவல் எழுதுகிறவருக்கு இந்தச் சொட்டுக் கணக்கு தெரியும். நாயகனும் நாயகியும் சேரத்தான் போகிறார்கள். எந்த வாக்கியத்தில், எந்தத் தயக்கத்துக்குப் பிறகு, யார் முதலில் வாயைத் திறந்து? அதற்காகத்தான் நூற்றுத் தொண்ணூறு பக்கம் படிக்கிறோம்.

"டைட்ரேஷனுக்கு மார்க் உண்டு. இதுக்கு என்ன உண்டு?" என்றார் அவர். அதற்கும் பதில் சொல்கிறேன்.

இந்த ஜாதி நாவல்களுக்கெல்லாம் பாட்டி என்று ஜேன் ஆஸ்டினைச் சொல்லலாம். 'ப்ரைட் அண்ட் ப்ரெஜுடிஸ்' 1813-ல் வெளிவந்தது. அந்த நாவலின் உரிமையை அவர் பதிப்பாளருக்கு நூற்றுப் பத்து பவுனுக்கு விற்றார் என்பதைக் கணக்குத் துறைக்காரி என்ற முறையில் வயிற்றெரிச்சலோடு குறிப்பிடுகிறேன். அவருடைய 'சென்ஸ் அண்ட் சென்சிபிலிட்டி'யைத்தான் 2000-ல் ராஜீவ் மேனன் 'கண்டுகொண்டேன் கண்டுகொண்டேன்' என்று காரைக்குடிப் பக்கம் கொண்டுவந்தார். அது அவ்வளவு சுலபமாகப் பொருந்தியதில் எனக்கு ஆச்சரியமே இல்லை. ஐந்து பெண்கள், சொத்து ஆண் வாரிசுக்கு, அம்மாவுக்கு ஓயாத கல்யாணக் கவலை. இது இங்கிலாந்துக் கதை என்று யார் சொன்னது?

ஐந்து பெண்கள் என்று நான் சொன்னது 'ப்ரைட் அண்ட் ப்ரெஜுடிஸ்' குடும்பத்தை. அதில் இரண்டாவது பெண் எலிசபெத்தை முதலில் பெண் கேட்கிறவர் காலின்ஸ் என்கிற பாதிரியார். இவர்கள் குடியிருக்கும் வீடே நாளைக்கு அவருக்குத்தான் போகப்போகிறது. வீடு தங்கும், குடும்பம் பிழைக்கும், நல்ல உத்தியோகம். ஜாதகம் பார்த்திருந்தால் பத்துக்கு ஒன்பது பொருத்தம். அவள் மரியாதையாக வேண்டாம் என்கிறாள். அந்த மனிதர் அதை மறுப்பாகவே எடுத்துக்கொள்ளவில்லை! நல்ல குடும்பத்துப் பெண்கள் முதலில் அப்படித்தான் சொல்வார்கள், மனசுக்குள் சம்மதம்தான் என்று அவராகவே அர்த்தம் பண்ணிக்கொள்கிறார். அவள் மறுபடி மறுபடி சொல்லிப் பார்க்கிறாள். அவர் காதில் விழவே மாட்டேன் என்கிறது. அம்மாவோ, நீ இவனைக் கட்டிக்கொள்ளாவிட்டால் உன் முகத்தில் விழிக்க மாட்டேன் என்கிறாள். அப்பா, நீ இவனைக் கட்டிக்கொண்டால் நான் உன் முகத்தில் விழிக்க மாட்டேன் என்கிறார். சிரிப்பு வருகிற இடம். எனக்கும் வரும். ஆனால் சிரித்து முடித்த பிறகு அதே காலின்ஸை அவளுடைய தோழி ஷார்லட் கட்டிக்கொள்கிறாளே, அந்த இடத்தில் சிரிப்பு நின்றுவிடும். ஷார்லட்டுக்கு இருபத்தேழு வயது, அழகில்லை, பணமில்லை. இருக்க ஒரு வீடு வேண்டும். ஆஸ்டின் அவளைத் திட்டவில்லை. நம் வீடுகளில் எத்தனை ஷார்லட்டுகள்! நானும் அவர்களைக் குறை சொல்ல மாட்டேன்.

பிறகு டார்சி. கதாநாயகன். பெரும் பணக்காரன். முதல் தடவை அவன் எலிசபெத்தைக் கேட்கிற விதத்தைப் பாருங்கள். உன் குடும்பம் என் அந்தஸ்துக்குத் தகுந்ததல்ல, எவ்வளவோ தடுத்துப் பார்த்தேன், மனசு கேட்கவில்லை என்கிற தோரணை. பதில் சம்மதமாகத்தான் இருக்கும் என்பதில் அவனுக்குச் சந்தேகமே இல்லை. அவளிடம் வாங்கிக் கட்டிக்கொண்டு போகிறான். இரண்டாவது தடவை கேட்கும்போது, அவள் என்ன சொல்வாள் என்பது அவனுக்குத் தெரியாது. வேண்டாம் என்றால் இந்தப் பேச்சையே இனி எடுப்பதில்லை என்கிற நிலையில் நின்று கேட்கிறான். முந்நூறு பக்கத்தில் டார்சி கற்றுக்கொண்டது இது ஒன்றுதான் என்று எனக்குத் தோன்றும். முன்னே அவன் அறிவித்தான். பின்னே கேட்டான்.

இதை எழுதிய ஜேன் ஆஸ்டினை 1802 டிசம்பரில் ஒருவர் பெண் கேட்டார். ஹாரிஸ் பிக்-விதர் என்று பெயர், பெரிய சொத்துக்கு வாரிசு. இவருக்கு இருபத்தேழு வயது ஆகப்போகிற நேரம். அன்று மாலை சரி என்றார். இரவு முழுக்க என்ன யோசித்தாரோ, மறுநாள் காலையில் மாட்டேன் என்று சொல்லிவிட்டுக் கிளம்பிவிட்டார். கடைசிவரை கல்யாணம் செய்துகொள்ளவில்லை. அன்றைக்கு அவருக்கு வருமானமும் கிடையாது, வெளிவந்த புத்தகமும் கிடையாது. ஷார்லட்டின் வயதும் அதே இருபத்தேழு என்பதைக் கவனியுங்கள். தான் எடுக்காத முடிவைத் தோழிக்குக் கொடுத்துப் பார்த்திருக்கிறார்.

இனி 1974. எனக்கு இருபத்து நாலு வயது. சென்னையில் வேலை. ஒரு வரன் வந்தது. எல்லாம் பேசி முடிகிற நேரத்தில், கல்யாணத்துக்கு முன்னால் பெண் வேலையை ராஜினாமா செய்துவிட வேண்டும் என்று சொல்லியனுப்பினார்கள். அதுவும் என்னிடம் இல்லை, அப்பாவிடம். அப்பா அந்தக் கடிதத்தை மடித்து என் கையில் கொடுத்து, "நீயே படிச்சுட்டுச் சொல்லு" என்றார். நான் வேண்டாம் என்றேன். அம்மா மூன்று நாள் சரியாகச் சாப்பிடவில்லை. அத்தை திண்ணையில் உட்கார்ந்துகொண்டு தெருவுக்கே கேட்கிற மாதிரி, "கதை படிச்சுப் படிச்சே பொண்ணு கெட்டுப்போயிட்டா" என்றாள். கதைப் புத்தகத்தில் வேலையை விடாதே என்று யாரும் எனக்குச் சொல்லிக் கொடுக்கவில்லை. அந்தக் காலத்து நாவல்களில் பாதிக்கு மேல் கடைசி அத்தியாயத்தில் நாயகி வேலையை விட்டுவிட்டுத்தான் மணையில் உட்காருவாள். கதைகள் எனக்குக் கொடுத்தது வேறு. ஒரு பெண் 'மாட்டேன்' என்று சொன்ன பிறகும் கதை மேலே நடக்கும், அத்தோடு நின்றுவிடாது என்கிற அனுபவம். ஐம்பது, நூறு தடவை படித்திருந்தேன். வானம் இடிந்து விழவில்லை என்று தெரியும்.

அடுத்த வருஷம் என் கணவர் பெண் பார்க்க வந்தார். சுரங்கத் துறையில் உத்தியோகம், நாக்பூர். சொஜ்ஜி, பஜ்ஜி, பாட்டு எல்லாம் ஆயிற்று. கிளம்புகிற நேரத்தில், எல்லோருக்கும் நடுவில் என்னை நேராகப் பார்த்து, "நாக்பூர்ல மே மாசம் நாப்பத்தஞ்சு டிகிரி போகும். பரவாயில்லையா?" என்று கேட்டார். இதைக் காதல் வசனம் என்று எந்தப் பத்திரிகையும் போட மாட்டார்கள். ஆனால் அன்று அந்தக் கூடத்தில் என்னைப் பார்த்துக் கேட்கப்பட்ட ஒரே கேள்வி அதுதான். "பரவாயில்லை" என்றேன். அதன் பிறகு நாற்பத்தாறு கோடைகள் அவரோடு இருந்தேன். நாற்பத்தஞ்சு டிகிரி என்று அவர் சொன்னது கொஞ்சம் குறைவு என்பதைப் பதிவு செய்ய விரும்புகிறேன்.

தமிழ்க் காதல் நாவலுக்கு வருவோம். நம் சமூகத்துப் பெருமை என்று சொல்லிக்கொள்ள வை.மு. கோதைநாயகி அம்மாளிடமிருந்து ஆரம்பிக்க வேண்டும். ஐந்தரை வயதில் கல்யாணம். பள்ளிக்கூடம் போனதில்லை. முதலில் எழுதக்கூட வராமல், தோழிக்குச் சொல்லி எழுத வைத்தார். 1925-லிருந்து 'ஜகன்மோகினி' பத்திரிகையை நடத்தி, நூற்றுக்கும் மேல் நாவல்கள் எழுதினார். அடுத்த தலைமுறையில் லக்ஷ்மி. டாக்டர் திரிபுரசுந்தரி. மருத்துவக் கல்லூரிப் படிப்புக்குக் கதை எழுதிய பணம் கை கொடுத்தது. கல்யாணமாகி 1955-ல் தென்னாப்பிரிக்கா போய், 1977-ல் திரும்பி வந்து மறுபடி எழுதி, 1984-ல் 'ஒரு காவிரியைப் போல' நாவலுக்காக சாகித்ய அகாதெமி விருது வாங்கினார். விமரிசகர்கள் அவரைக் 'குடும்ப எழுத்தாளர்' என்று ஒரு வார்த்தையில் ஒதுக்கி வைத்தார்கள். என்னைக் கேட்டால், அறுவை சிகிச்சைக் கத்தியைப் பிடித்த கை என்பது அவருடைய மாமியார் பாத்திரங்களைப் படித்தாலே தெரியும்.

லக்ஷ்மியின் 'பெண் மனம்' 1963-ல் 'இருவர் உள்ளம்' என்று சினிமாவாக வந்தது. சிவாஜி, சரோஜாதேவி. உங்களில் பலர் பார்த்திருப்பீர்கள். பெண்ணுக்கு இஷ்டமில்லை, குடும்பம் வற்புறுத்திக் கட்டிக் கொடுத்துவிடுகிறது. தாலி ஏறிவிட்டது, மனசு கொடுக்கவில்லை. மிச்சக் கதை முழுக்க அவன் அந்த மனசுக்காகக் காத்திருக்கிறான். 1986-ல் மணிரத்னம் எடுத்த 'மௌன ராக'மும் இதே அச்சுத்தான். கல்யாணப் பரிசாக என்ன வேண்டும் என்று தில்லியில் புருஷன் கேட்கிறான். அவள் விவாகரத்து வேண்டும் என்கிறாள். ரமணிசந்திரன் நூற்றைம்பதுக்கும் மேல் நாவல்கள் எழுதியவர். அவரிடமும் இந்த அச்சு திரும்பத் திரும்ப வரும். ஏதோ நிர்ப்பந்தத்தில் கல்யாணம், ஒரே வீட்டில் இரண்டு அந்நியர்கள், ஒரு சந்தேகம், ஒரு ஜுரம், கஞ்சி, பிறகு கடைசி அத்தியாயத்தில் மனம் விட்டுப் பேசுதல்.

ஆங்கில நாவலில் கேள்வி முதலில், கல்யாணம் கடைசியில். தமிழ் நாவலில் கல்யாணம் மூன்றாவது அத்தியாயத்தில், கேள்வி கடைசியில். இதை நான் குறையாகச் சொல்லவில்லை. படித்தவர்கள் யார்? முன்பின் தெரியாத ஒருவரோடு கல்யாணமாகி, ஊர் பேர் தெரியாத இடத்தில் குடித்தனம் வைத்த லக்ஷக்கணக்கான பெண்கள். கல்யாணத்துக்கு முன் யாரும் அவர்களைக் கேட்கவில்லை. பிறகாவது ஒருவன் கேட்பானா என்கிற ஆசையைத்தான் நம் எழுத்தாளர்கள் மாத நாவலாகப் போட்டுக் கொடுத்தார்கள்.

இது என் ஊகம் அல்ல. என் மாமியாரிடமிருந்து தெரிந்துகொண்டேன்.

என் மாமியாருக்குப் பதினாலு வயதில் கல்யாணம். மடி, ஆசாரம், பேச்சு குறைவு. நாக்பூரில் குடித்தனம் போன மூன்றாவது மாசம், அரிசி டின்னை நகர்த்தியபோது பின்னால் ஒரு பைண்டு புத்தகம் கிடைத்தது. தொடர்கதை. எந்தக் கதை என்று சொல்லப் போவதில்லை, காரணம் பின்னால் தெரியும். நான் ஒன்றும் பேசாமல் இருந்த இடத்திலேயே வைத்தேன். மறுநாள் புத்தகம் என் தலையணைக்குப் பக்கத்தில் இருந்தது. அன்றிலிருந்து எங்களுக்குள் ஒரு ஏற்பாடு. மத்தியானம் அவர், ராத்திரி நான். பக்க அடையாளத்துக்கு வேப்பிலை.

கதை உச்சத்தில் இருக்கும்போது இரண்டு அத்தியாயங்களைக் காணோம். அந்த இரண்டு வாரமும் பத்திரிகை வந்து சேரவில்லையாம். ரயில் வேலைநிறுத்தமோ என்னவோ. பதறிப்போய், "என்ன ஆச்சும்மா?" என்று கேட்டேன். "எனக்குத் தெரியும், சொல்றேன் கேளு" என்று புடலங்காய் நறுக்கிக்கொண்டே சொன்னார். கொல்லைக் கிணற்றடியில் நாயகி நிற்கிறாள். புருஷன் வருகிறான். "உன்னை யாரும் கேக்கலை. நானும் கேக்கலை. இப்ப கேக்கறேன். இங்கே இருக்க இஷ்டமா? இல்லைன்னா உங்க அப்பா ஆத்துல கொண்டு விட்டுடறேன், ஒருத்தரும் ஒரு வார்த்தை சொல்லாம நான் பாத்துக்கறேன்" என்கிறான். அவள் உடனே பதில் சொல்லவில்லை. வாளியில் தண்ணீர் நிரம்புகிற வரைக்கும் யோசிக்கிறாள். அவன் காத்துக்கொண்டு நிற்கிறான். இவ்வளவுதான். சொல்லிவிட்டு மாமியார் அடுப்படிக்குப் போய்விட்டார்.

பத்துப் பன்னிரண்டு வருஷம் கழித்துக் கல்கத்தாவில் இருந்தபோது, அந்தக் கதை நூலாகவே கிடைத்தது. ஆசையாக அந்த இரண்டு அத்தியாயங்களைப் பிரித்தேன். கிணற்றடியும் இல்லை, வாளியும் இல்லை. ஒரு கார் விபத்து, ஆஸ்பத்திரி, நாயகி காலில் விழுந்து மன்னிப்புக் கேட்கிறாள். பத்திரிகையைப் பார்க்காமலேயே மாமியார் அந்தக் காட்சியைத் தானாகக் கட்டியிருக்கிறார். நான் அவரிடம் இதைச் சொல்லவில்லை. புத்தகத்தை அலுவலக மேஜையிலேயே வைத்துக்கொண்டு, படித்து முடித்ததும் நூலகத்தில் கொடுத்துவிட்டேன். ஆசிரியையின் பெயரைச் சொல்லாததற்குக் காரணம் இதுதான். அச்சில் வந்ததைவிட என் மாமியார் சொன்னது நன்றாக இருந்தது. மாமனாரைப் பற்றி அவர் ஒரு நாளும் குறை சொன்னதில்லை. அவர் நல்ல மனிதர், எல்லோரும் சொல்வார்கள். ஆனால் யாரும் தன்னைக் கேட்காத அந்த ஒரு கேள்வியை அந்த அம்மாள் எத்தனை வருஷம் மனசுக்குள் வைத்திருந்தால், புடலங்காய் நறுக்குகிற நேரத்துக்குள் இவ்வளவு சுத்தமாகச் சொல்லியிருக்க முடியும்? 1998-ல் காலமானார்.

ஆகவே காதல் நாவல்கள் எல்லாம் உத்தமமானவை என்று நான் சான்றிதழ் கொடுப்பதாக நினைக்க வேண்டாம். குப்பையும் ஏராளம். அதிலும் ஒரு வகைக் குப்பை எனக்கு ஆகவே ஆகாது. நாயகன் மணிக்கட்டை முறுக்குவான், அறைவான், அவள் வேண்டாம் என்று சொல்லச் சொல்ல இழுத்து அணைப்பான். அவள் உடனே உருகிவிடுவாள். மில்ஸ் அண்ட் பூன் கம்பெனி 1908-ல் ஆரம்பித்தது. எழுபதுகளில் அதன் நட்சத்திர எழுத்தாளர்களில் ஒருவர் வயலட் வின்ஸ்பியர். கல்யாணம் ஆகாதவர். 1970-ல் அவர், தன் நாயகர்கள் பலாத்காரம் செய்யக்கூடியவர்கள் போன்ற ஆண்களாக இருக்க வேண்டும் என்று பேசிவிட்டு, வாசகிகளிடம் நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டார். படிக்கிறவர்களே எதிர்த்து எழுதினார்கள் என்பதைக் கவனிக்க வேண்டும். நாவல் படிக்கிற பெண்கள் எதைக் கொடுத்தாலும் விழுங்குவார்கள் என்று நினைப்பவர்களுக்கு இது தெரிவதில்லை. தமிழிலும் அந்த அறைகிற நாயகன் உண்டு. இப்போது கைப்பேசியில் வருகிற தொடர்களில் அவன் இன்னும் பலசாலியாகியிருக்கிறான் என்று பார்க்கிறேன். அந்த மாதிரிக் கதையில் இரண்டாவது அறையோடு நான் மூடிவிடுவேன். காலின்ஸ் பாதிரியாருக்கு மீசை வைத்து, பென்ஸ் கார் வாங்கிக் கொடுத்தால் வருகிறவன்தான் அவன். இவனும் 'வேண்டாம்' என்பதைச் சம்மதம் என்று படிக்கிறவன்தானே? பெண்களைக் கெடுக்கிற புத்தகம் என்று ஏதாவது உண்டென்றால் அது இது. பையன்களையும் கெடுக்கும்.

இப்போது அந்தப் பெரியவரின் பேத்தி. மோர் குடித்துவிட்டு அவர் போன பிறகு, அவருடைய விண்ணப்பத்தைப் பார்த்தேன். தணிக்கைக்காரி புத்தி. 'பெண்ணின் எதிர்பார்ப்புகள்' என்கிற கட்டத்தில், 'நல்ல குடும்பம், நல்ல உத்தியோகம், வெளிநாடானாலும் சம்மதம்' என்று தாத்தாவின் அழகான கையெழுத்து. அவரிடம் அனுமதி வாங்கிக்கொண்டு அந்தப் பெண்ணோடு பேசினேன். பெங்களூரில் வேலை பார்க்கிறாள். ஒன்பது வரன்களில் ஆறு பேர் வெளிநாடு. அவள் இந்தியாவை விட்டுப் போக விரும்பவில்லை, தாத்தா பாட்டியைப் பார்த்துக்கொள்ள வேறு ஆளில்லை என்பதால். "தாத்தா கேட்டா சொல்லியிருப்பேன் மாமி. அவர் கேக்கவே இல்லையே" என்றாள். "நீ கதையெல்லாம் படிப்பியாமே?" என்றேன். "எனக்கு எங்கே மாமி நேரம்?" என்றாள்.

அதன் பிறகு மேஜையில் இருந்த பழைய விண்ணப்பக் கட்டுகளை எடுத்து உட்கார்ந்தேன். பெண் வீட்டார் கொடுத்தவை, பிள்ளை வீட்டார் கொடுத்தவை இரண்டையும். பெரும்பாலானவற்றில் அப்பாவின் கையெழுத்து. சிலவற்றில் மாமா. பிள்ளைகளுக்கும் அதே கதிதான். முப்பத்திரண்டு வயதுப் பையனின் 'எதிர்பார்ப்புகள்' கட்டத்தில் 'சமையல் தெரிந்திருக்க வேண்டும், பூஜைகளில் ஈடுபாடு' என்று அவன் அம்மா எழுதியிருக்கிறாள். அந்தப் பையனுக்கு என்ன வேண்டுமோ, யாருக்குத் தெரியும்?

எனவே நிர்வாகக் குழுவுக்கு ஒரு கோரிக்கை வைக்கிறேன். அடுத்த முறை விண்ணப்பம் அச்சடிக்கும்போது, எதிர்பார்ப்புகள் கட்டத்துக்கு மேலே, 'சம்பந்தப்பட்ட பெண் அல்லது பிள்ளை தன் கையால் எழுத வேண்டியது' என்று ஒரு வரி சேர்க்க வேண்டும். கீழே பெற்றோர் கையெழுத்துக்குப் பக்கத்திலேயே அவர்கள் கையெழுத்துக்கும் ஒரு கோடு. காகிதம் அதிகம் ஆகாது, அதே ஒரு பக்கத்தில் அடங்கும், அளந்து பார்த்துவிட்டேன். மாதிரி விண்ணப்பம் ஒன்று தட்டச்சு செய்து செயலாளர் அம்மாளிடம் கொடுத்திருக்கிறேன். பொதுக்குழுவில் வைக்கிறேன் என்று சொல்லியிருக்கிறாள்.

கேள்விகள் இருந்தால் கேளுங்கள். அந்தத் தொடர்கதை எது என்பதைத் தவிர.